மலையேறாத கண்ணகி

காதல், இழப்பு, தொன்மம் என்னும் மூன்று சொற்களையும் பின்னட்டையில் தாங்கிவரும் கவிதைத் தொகுப்புகள் தமிழில் இன்று பெருகியுள்ளன. அவற்றுள் நல்லனவும் உண்டு, அல்லனவும் உண்டு. தனியொரு தொகுப்பையோ தனியொரு கவிஞரையோ தாக்குவது இப்பதிவின் நோக்கமன்று. இத்தகைய தொகுப்புகளில் கண்ணகி என்ற பெயர் எவ்வாறு வந்துபோகிறது, அவ்வாறு வந்துபோவதைத் 'தொன்ம மீட்டுருவாக்கம்' என்று பெயரிட்டு நம் தமிழ்த்துறைகள் எவ்வாறு பட்டங்களாக மாற்றுகின்றன என்பதைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

என் குற்றச்சாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் காலத்துக் காதற்கவிதை கண்ணகியை மதுரையோடு நிறுத்திவிடுகிறது. சிலப்பதிகாரத்தின் மூன்றாம் காண்டத்தை, அதாவது மலையை, அது படிப்பதில்லை. அக்கவிதையை ஆராய்பவரும் படிப்பதில்லை. இந்த விடுபாடு சிறியதெனத் தோன்றலாம். ஆனால், இழப்பு என்றால் என்ன என்ற நம் புரிதலையே அது குறுக்கிவிட்டது. அந்த மலைகளில் இன்றும் வாழ்கிற மக்களின் துயரையும் மொழியையும் நம் இலக்கிய வரைபடத்திலிருந்து சத்தமின்றி நீக்கியும்விட்டது.

1

முதலில், அந்த வார்ப்பு எப்படியிருக்கிறது என்று பார்ப்போம். பிரிந்துசென்ற ஒருவன். கைவிடப்பட்ட ஒருத்தி. உறக்கமற்ற ஓர் இரவு. எங்கிருந்தோ ஒற்றைச் சிலம்பு. கடைசி வரியில் ஒரு தீ. இந்த ஐந்தும் அமைந்துவிட்டால் அணிந்துரையாளர் 'தொன்மம் நவீனமாகிறது' என்று எழுதிவிடுவார். பிறகு அத்தொகுப்பு ஆய்வேட்டுக்கு வரும். முதல் இயல் தொன்மத்தின் வரைவிலக்கணம், அடுத்த இயல் யுங், நார்த்ராப் பிரை, லெவி ஸ்ட்ராஸ், அதன்பின் தொகுப்பில் கண்ணகி எத்தனை இடங்களில் வருகிறாள், அகலிகை எத்தனை இடங்களில் வருகிறாள் என்ற பட்டியல், இறுதியில் முடிவுரை. சிலப்பதிகாரம் துணைநூற் பட்டியலில் இருக்கும். பெரும்பாலும் அங்கே மட்டுமே இருக்கும்.

இந்த வார்ப்பில் கண்ணகி செய்வது ஒரேயொரு வேலைதான். காதலியின் கோபத்துக்கு அவள் ஒரு பெரிய உருவத்தைக் கடன் கொடுக்கிறாள். தன் துயரத்தைத் தன் சொல்லால் தாங்க முடியாத கவிதை, காப்பியத்தின் தீயை எடுத்துத் தன் அடுப்பில் வைத்துக்கொள்கிறது. தீ கிடைக்கிறது. ஆனால் அந்தத் தீ எதன் பொருட்டு மூண்டது, மூண்டபின் என்ன ஆயிற்று என்ற கேள்விகள் கைவிடப்படுகின்றன.

2

மூண்டபின் என்ன ஆயிற்று? இளங்கோ மிகத் தெளிவாகவே சொல்கிறார். மதுரையை விட்டு வெளியேறும் கண்ணகி வையைக் கரைவழியே நடந்து மேற்கே மலையேறுகிறாள். வேங்கை மரத்தின் நிழலில் நிற்கிறாள். தினைப்புனம் காக்கும் குறவர் குலத்தார் அவளைக் காண்கின்றனர். யார் நீ என்று கேட்கின்றனர். கணவனை இழந்தவள் என்று அவள் சொல்கிறாள். பதினான்காம் நாள், வானுலகத்தார் கோவலனோடு வந்து அவளை அழைத்துச் செல்வதை அந்த மலைமக்கள் பார்க்கின்றனர். அவள் யாரென்றோ, புகாரில் அவள் வாழ்ந்த வாழ்வு எத்தகையதென்றோ அவர்களுக்குத் தெரியாது. இருந்தும் அவளைத் தம் குலத்துக்குத் தெய்வமாக்கிக்கொள்கின்றனர்; பறை கொட்டி, கொம்பு ஊதி, பூத்தூவி ஆடுகின்றனர்.

அடுத்து வருவதுதான் நம் கவனத்துக்குரியது. தமிழ்க் காப்பிய மரபின் மிகப் பெரிய இழப்பைச் சொல்லி முடித்த கையோடு இளங்கோ காதற்பாடல்களை வைக்கிறார். குன்றக் குரவையில் அருவியாடும் பெண்கள் தம் காதலைப் பாடுகின்றனர். மகளின் மெலிவு முருகனால் வந்தது என்று எண்ணித் தாய் வேலனை அழைக்கிறாள், நோய்க்குக் காரணமானவன் வேறொருவன் என்பது மகளுக்குத் தெரியும், அவள் சிரிக்கிறாள். பழைய குறிஞ்சித்திணையின் விளையாட்டு முழுவதும் அங்கே இருக்கிறது. அதே மூச்சில், மதுரையை எரித்தவளைப் போற்றிப் பாடுவோம், அப்படிப் பாடினால் நம் மலைநாடனோடு நமக்கு மணம் கூடும் என்று அந்தப் பெண்கள் வேண்டுகின்றனர்.

சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. மணவாழ்வு பாழாய்ப்போன ஒருத்தியிடம் குன்றத்துப் பெண்கள் தம் மணவாழ்வுக்கான வரத்தைக் கேட்கின்றனர். காதலும் இழப்பும் தொன்மமும் ஒன்றையொன்று தொடும் இடம் தமிழில் இதைவிடச் செறிவாக வேறெங்கு உள்ளது? இங்கே இழப்பு ஒருத்தியின் தனியுடைமையாக இல்லை. அவளை முன்பின் அறியாத மக்கள் அதைக் கையேற்று, தம் வாழ்வின் விளைச்சலுக்கு உரமாக்குகின்றனர். கோபம் பாட்டாகிறது, பாட்டு கூட்டாகிறது.

இதே காப்பியத்தின் தொடக்கத்திலுள்ள கானல்வரியை இதன் அருகில் வைத்துப் படியுங்கள். கடற்கரையில் கோவலன் பாடுகிறான்; மாதவி பாடுகிறாள். மற்றவர் பாட்டில் இன்னொருவர் மறைந்திருப்பதாக இருவரும் ஐயுறுகின்றனர், பிரிகின்றனர். இருவர் மட்டும் தனித்திருந்து பாடிய காதற்பாட்டு பிரிவில் முடிந்தது. பலர் கூடிப் பாடிய காதற்பாட்டு வாழ்வை வேண்டி நின்றது. ஒரு கவிதைத் தொகுப்பு எவ்வாறு கட்டப்பட வேண்டும் என்பதற்கு இளங்கோ தரும் பாடமாகவே இந்த இரண்டு இசைப்பகுதிகளையும் நான் வாசிக்கிறேன். நம் இன்றைய தொகுப்புகள் கானல்வரியில் தொடங்கிக் கானல்வரியிலேயே முடிகின்றன.

இன்னும் ஒன்று உண்டு. வாழ்த்துக் காதையில் வானில் தோன்றும் கண்ணகி, பாண்டியன் குற்றமற்றவன் என்கிறாள். தன்னை அவன் மகள் என்றே சொல்லிக்கொள்கிறாள். இந்தக் குன்றின் விளையாட்டை விட்டு நீங்கமாட்டேன், தோழியரே நீங்களும் வாருங்கள் என்று அழைக்கிறாள். அரசவையில் 'தேராத மன்னன்' என்று அவள் யாரைச் சாடினாளோ, அவனுக்கே மகளாகிறாள்! இதை மன்னிப்பு என்பதா, மலையின் தெளிவு என்பதா, அல்லது அரச சமயம் ஒரு கலகக்காரியைத் தன்வயப்படுத்திய தந்திரம் என்பதா? மூன்றுக்கும் வாதம் உண்டு. ஆனால் கண்ணகியைத் தன் கவிதைக்குள் அழைக்கும் கவிஞர் இந்தச் சிக்கலைச் சந்தித்தே ஆகவேண்டும். கடைசி வரியில் தீ வைத்துவிட்டு வெளியேறுபவருக்கு இந்தச் சிக்கல் எதிர்ப்படுவதேயில்லை.

3

கண்ணகியை மதுரையில் நிறுத்தியது இன்றைய கவிஞர்கள் மட்டுமல்லர். அதற்கு ஓர் அரசியல் வரலாறு உண்டு. பாரதிதாசன் 'கண்ணகி புரட்சிக் காப்பியம்' எழுதியபோது தெய்வச் செய்திகளைக் களைந்தார். அவருடைய பகுத்தறிவு நோக்குக்கு அது இயல்பானது. 1964இல் வந்த 'பூம்புகார்' திரைப்படம் வழக்குரை காதையை ஒரு தலைமுறையின் மனப்பாடமாக்கியது. 1968இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலையும் சிலம்பேந்தி நீதி கேட்கும் கோலத்தைத்தான் வார்த்தெடுத்தது. 2001 டிசம்பரில் அது அகற்றப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பும், 2006 ஜூனில் அது மீண்டும் நிறுவப்பட்டபோது எழுந்த மகிழ்ச்சியும் அந்தக் கோலம் நம் பொதுமனத்தில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பதைக் காட்டின. நீதி கேட்கும் பெண் என்ற அந்த உருவத்துக்கு வரலாற்றில் ஒரு தேவை இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் அந்த உருவத்தின் எல்லையும் விரைவிலேயே வெளிப்பட்டது. முலையைத் திருகி எறிந்தவளுக்குக் கடற்கரையில் சிலை வைத்த சமூகம், 2002இல் குட்டி ரேவதி தம் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயரிட்டபோது கொதித்தெழுந்தது. காப்பியத்தில் போற்றிய சொல்லைக் கவிதையின் அட்டையில் அதனால் தாங்க முடியவில்லை. கற்பின் சின்னமாக இருக்கும்வரை உடலுக்கு அனுமதி உண்டு. பேசத் தொடங்கினால் இல்லை.

மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதிய 'மிஸ் மிலிட்டன்ஸி' (2010) தொகுப்பின் தலைப்புக் கவிதை, இந்தக் கண்ணகியை மிகக் கூர்மையாக இன்றைய சொற்களில் நிறுத்தியது. கற்புப் பீடத்திலிருந்து அவளை இறக்கி, போராளியாக்கியது. தமிழ்த்தொன்மத்தை ஆங்கிலக் கவிதையில் இவ்வளவு துணிவோடு கையாண்டவர்கள் குறைவு. எனினும் அக்கவிதையும் நகரின் அழிவோடு முடிகிறது. பாரதிதாசனுக்கும் மீனா கந்தசாமிக்கும் இடையே அரசியலிலும் அழகியலிலும் எவ்வளவோ தொலைவு இருந்தும், மலையை விடுவதில் இருவரும் ஒன்றுபடுகின்றனர். நம் நவீனம் முழுவதற்கும் பொதுவான ஒரு குருட்டுப்புள்ளி இது. மூன்றாம் காண்டம் பிற்சேர்க்கையோ என்று சில ஆய்வாளர் எழுப்பிய ஐயம், அதைப் படிக்காமலிருக்க ஒரு சாக்காகவும் பயன்பட்டுவிட்டது. ஒரு பகுதியின் காலம் ஐயத்துக்குரியது என்றால் அதை மேலும் கவனமாகப் படிக்க வேண்டும்; கிழித்தெறியக் கூடாது.

4

காட்சிக் காதையில் வரும் ஒரு சிறு விவாதத்தை ஆய்வுலக நண்பர்களுக்கு நினைவூட்டுகிறேன். பேரியாற்றங்கரைக்கு வந்த செங்குட்டுவனிடம் மலைமக்கள் தாம் கண்டதைச் சொல்கின்றனர். சாத்தனார் முன்கதையை உரைக்கிறார். பத்தினிக்குக் கோயில் எடுக்க வேண்டும் என்று அரசி விரும்புகிறாள். சிலைக்குக் கல் எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி வருகிறது. பொதியிலில் எடுத்துக் காவிரியில் நீராட்டலாம். இமயத்தில் எடுத்துக் கங்கையில் நீராட்டலாம். பொதியிற்கல் தன் வீரத்துக்குத் தகாது என்று அரசன் ஒதுக்குகிறான். இமயத்துக்குப் படை போகிறது. கனக விசயர் தலையில் கல் ஏறுகிறது. தெய்வத்தை முதலில் கண்ட குறவரைப் பிறகு எவரும் எதுவும் கேட்பதில்லை. அவர்கள் காலடியில் கிடந்த கல்லைப் பற்றிய பேச்சே எழவில்லை.

நம் தொன்மத் திறனாய்வு இந்தச் செங்குட்டுவ மரபில்தான் நடைபோடுகிறது. கோட்பாடு என்றால் கல் இமயத்திலிருந்து வரவேண்டும். பிரையும் யுங்கும் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; படித்தே ஆகவேண்டும். ஆனால் மாணவர் தலையில் அந்தக் கல்லை ஏற்றிவிட்டு, இருநூறு பக்கம் சுமக்கச் செய்து, சிலையின் முகத்தை மட்டும் செதுக்காமல் விட்டுவிடுகிறோம். கண்ணகித் தொன்மம் குறித்த மிகப் பெரிய கள ஆய்வுகளுள் ஒன்றை இலங்கையின் கணநாத் ஒபயசேகர செய்தார். பத்தினி வழிபாடு பற்றிய அவருடைய நூல் 1984இல் வெளிவந்தது. சிங்களச் சடங்குகளில் பாலங்க என்ற பெயரில் வரும் கோவலன் கொல்லப்பட்டு, பத்தினியால் மீண்டும் உயிர்ப்பிக்கப்படுகிறான். தென்கேரளத்துப் பகவதி தோற்றப் பாட்டுகளிலும் பாலகன் என்ற பெயரில் அவன் உயிர் பெறுகிறான். மட்டக்களப்புப் பகுதியில் இன்றும் கண்ணகி வழக்குரை பாடப்படுகிறது. கொம்பு விளையாட்டு நடக்கிறது. இளங்கோ கணவனை வானுலகில் கூட்டிவைத்தார். நாட்டார் அவனை மண்ணிலேயே எழுப்பினர். இறந்தவரைப் பாட்டால் எழுப்பலாமா, கூடாதா என்பது இழப்பைப் பற்றிய கவிதையின் அடிப்படைக் கேள்வி. இந்த வடிவங்களுள் ஒன்றையேனும் ஒப்பிட்டுப் பாராமல், ஒரு தொகுப்பில் 'தொன்மம் மீட்டுருவாக்கப்பட்டுள்ளது' என்று எழுதும் துணிவு நமக்கு எங்கிருந்து வருகிறது? எதிலிருந்து எதை மீட்டோம்?

5

இனி அந்த மலைக்கே போவோம். இளங்கோ நெடுவேள் குன்றம் என்றது எந்த மலை என்பதில் உரையாசிரியர்கள் காலந்தொட்டே கருத்து வேற்றுமை உண்டு. திருச்செங்கோடு என்றவர்களும் உண்டு. 1963இல் கரந்தைப் பேராசிரியர் சி. கோவிந்தராசனார் தேனி, இடுக்கி எல்லையில் வண்ணாத்திப்பாறை வனப்பகுதியிலுள்ள மங்கலதேவி கோட்டத்தைக் கண்ணகி கோயிலாக அடையாளப்படுத்தினார். கடல் மட்டத்திலிருந்து 1,337 மீட்டர் உயரத்தில், பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் சிதைந்த கற்கட்டடமாக நிற்கிறது அது. ஆண்டில் ஒரு நாள், சித்திரை முழுநிலவன்று மட்டும் அடியார்க்குத் திறக்கப்படுகிறது. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் கூடிப் பேசி ஏற்பாடு செய்கின்றன. குமுளியிலிருந்து ஜீப்புகள் ஏறும். கூடலூர்ப் பக்கத்துப் பளியன்குடியிலிருந்து மக்கள் நடந்து ஏறுவர். தமிழ்முறையிலும் மலையாள முறையிலும் பூசைகள் நடக்கும். மாலைக்குள் அனைவரும் இறங்கிவிட வேண்டும்.

இந்த ஒரு நாளைக் குறித்து இரு மாநிலத்துச் செய்தித்தாள்களும் ஆண்டுதோறும் எழுதுவது எல்லைத் தகராற்றைத்தான். கோட்டம் யாருடைய நிலம், பாதை யாருடைய பாதை? 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அந்தத் தழும்பு இன்னும் ஆறவில்லை. நில உரிமை பேசப்பட வேண்டியதே. ஆனால் தமிழ்நாடா கேரளமா என்ற கேள்விக்குள் மூன்றாவது தரப்பார் காணாமற்போகின்றனர். பளியன்குடி என்ற ஊர்ப்பெயரிலேயே இருக்கிற பளியர் எந்தத் தரப்பு? மறையூர், மூணாறு மலைகளில் வாழும் முதுவர் எந்தத் தரப்பு? மதுரையிலிருந்து மீனாட்சியை முதுகில் சுமந்து வந்ததால் முதுவரானோம் என்பது அவர்கள் தம் பெயருக்குச் சொல்லும் கதை. அந்தப் புறப்பாட்டைக் கண்ணகி மூட்டிய தீயோடு இணைக்கும் வடிவமும் சொல்லப்படுவதுண்டு. வரலாற்றுச் சான்றாக இக்கதையை நான் முன்வைக்கவில்லை. எரிந்த நகரை விட்டுத் தெய்வத்தைச் சுமந்துகொண்டு மலையேறியவர்கள் என்று ஒரு மக்கள் தம்மைத் தாமே நினைவுகொள்கின்றனர் என்பதே என் கருத்து. மதுரையின் தீயை அதில் வெந்தவர்களின் பக்கமிருந்து காணும் பார்வை அது. நம் நவீனக் கவிதையில் மதுரை எரிகிறது. அங்கிருந்து வெளியேறியவர் யாரும் இல்லை.

இந்த மலைத்தொடரின் விளிம்பிலேயே வடக்கு நோக்கிச் சென்றால் வால்பாறை, பரம்பிக்குளம் கடந்து பாலக்காட்டுக் கணவாய் வரும். பாலக்காட்டு வடக்கந்தறைப் பகவதியைக் கண்ணகியோடு இணைத்தே சொல்வர். கணவாய்க்கு அப்பால், கோவையின் மேற்கெல்லையில் அட்டப்பாடி. அங்கே இருளர், முதுகர், குறும்பர் வாழ்கின்றனர். கண்ணகி ஏறிய மலை என்பதைத் தனியொரு சிகரமாகக் கொள்ளாமல், இந்த எல்லை முழுவதுமாகக் கொண்டு பார்த்தால் தொன்மம் வேறு விதமாகப் பேசத் தொடங்குகிறது.

6

கோவலன் ஏன் கொல்லப்பட்டான்? திருடன் என்று ஒருவன் சொன்னான், அரசன் விசாரிக்கவில்லை, ஒரு காவலன் வாளை வீசினான். அட்டப்பாடியில் 2018 பிப்ரவரியில் பழங்குடி இளைஞர் ஒருவரை அரிசி திருடினார் என்று குற்றஞ்சாட்டிக் காட்டுக்குள் சென்று பிடித்துவந்தனர், கைகளைக் கட்டினர், அடித்தனர், செல்பேசியில் படமும் எடுத்துக்கொண்டனர். அவர் இறந்தார். தாயும் உடன்பிறந்தவளும் வழக்கை விடவில்லை. சாட்சிகள் பலர் பிறழ்ந்தனர். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காட்டுச் சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. வழக்குரை காதையை ஒரு தாயும் மகளும் ஐந்தாண்டுகள் நடத்தினர். கண்ணகியைக் காதல் தோல்வியின் படிமமாகக் கொண்ட கவிதைகளை இந்த ஒற்றை நிகழ்வின் அருகில் வைத்துப் பாருங்கள். தொன்மம் எங்கே உயிரோடிருக்கிறது என்பது தெரியும்.

மூணாற்றில் 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண்கள் சாலையில் அமர்ந்தனர். 20 விழுக்காடு போனஸ் கேட்டனர். நிர்வாகத்தை மட்டும் அவர்கள் எதிர்க்கவில்லை; தம் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளிப் போகச் சொன்னார்கள். 'பொம்பிளை ஒருமை' என்று அந்தப் போராட்டம் பெயர் பெற்றது. பேசியவர்கள் தமிழர், பேசிய மொழி தமிழ்.

அதே மூணாற்றுக்கு அருகில் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் இறந்தனர். தகவல் தொடர்பு அறுந்திருந்ததால் வெளியுலகுக்குச் செய்தி மறுநாள் காலையில்தான் எட்டியது. இறந்தவர்களுள் பலருடைய குடும்பங்கள் கயத்தாறு வட்டாரத்தை வேராகக் கொண்டவை. சிலருடைய உடல் கிடைக்கவேயில்லை. உடல் கிடைக்காத இழப்புக்கு ஒப்பாரி எப்படி வைப்பது? காதற்கவிதைகளில் 'நீ இல்லாத வெறுமை' பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நம் மொழி, இந்தக் கேள்வியின் முன் நிற்க முயன்றிருக்க வேண்டாமா?

7

நான் கேட்பது செய்தித்தாளைக் கவிதையாக்குங்கள் என்பதன்று. அந்த மலைகளிலிருந்து ஏற்கெனவே கவிதை வந்துகொண்டிருக்கிறது; அதைப் படியுங்கள் என்பதுதான். மறையூரைச் சேர்ந்த முதுவர் கவிஞர் அசோகன் மறையூர் தம் தாய்மொழியிலும் மலையாளத்திலும் எழுதுகிறார். 'பச்சவ்வீடு' அவருடைய தொகுப்பு. அட்டப்பாடியிலிருந்து இருளர் மொழியில் எழுதுவோர் உருவாகியுள்ளனர். கடந்த பத்தாண்டுகளில் 'கோத்ரகவித' என்ற பெயரில் மலையாள இலக்கிய உலகம் இத்தகைய கவிதைகளை விவாதித்துவருகிறது. அட்டப்பாடியின் நஞ்சியம்மா இருளர் மொழியில் தாமே எழுதிப் பாடிய பாட்டுக்காக 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. இசைப் பயிற்சியற்றவருக்கு விருதா என்று முணுமுணுத்தவர்களும் இருந்தனர். அந்தப் பாட்டைக் கேட்கும் தமிழர், மொழிபெயர்ப்பின்றியே பெரும்பகுதியைப் பின்தொடர முடியும்.

இருளர் மொழி தமிழுக்கு மிக நெருங்கிய உறவு. செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் 1970களிலேயே அம்மொழியை ஆராய்ந்து நூல் எழுதினார். சிலப்பதிகாரத்தைப் பற்றி விரிவாக எழுதிய அதே சுவெலபில்தான் அவர். காப்பியமும் மலைமக்கள் மொழியும் ஒரே அறிஞரின் மேசையில் அருகருகே இருக்க முடிந்தது. நம் துறைகளில் ஒன்று 'இலக்கியம்', மற்றொன்று 'நாட்டுப்புறவியல்' அல்லது 'மானிடவியல்' என்று வெவ்வேறு கட்டடங்களில் உள்ளன. முதுவான், இருளர் மொழிக் கவிதைகள் மலையாள எழுத்தில் அச்சாவதால் அவை மலையாளத்தின் சொத்து என்று நாம் விட்டுவிட்டோம். மங்கலதேவி கோட்டத்தின் ஒவ்வொரு கல்லுக்கும் உரிமை கோரும் நாம், அந்த மலையின் சொல்லுக்கு உரிமை கோரவில்லை. உரிமை வேண்டாம், உறவாவது கோரியிருக்கலாம்.

பாலக்காட்டுச் சித்தூரில் ஓர் ஆறு ஓடுகிறது. துயர் போக்குவது என்று பொருள்படும் 'சோகநாசினி' அதன் பெயர்; எழுத்தச்சன் சூட்டியது என்பர். அதே ஊரின் அரசுக் கல்லூரியில் தமிழ்த்துறை இருக்கிறது. எல்லைப்புறத்தில் தமிழ் பயிலும் மாணவர்களுக்குக் கிடைத்திருப்பது இரண்டு மொழிகளின் செவி. தோற்றப் பாட்டும் சிலம்பும் ஒரே காதில் விழும் பேறு சென்னையிலோ மதுரையிலோ இருப்பவருக்கு எளிதில் வாய்க்காது. அப்படிப்பட்ட மாணவர்களும் ஆய்வுத் தலைப்பு என்று வந்தால் 'இன்னார் கவிதைகளில் தொன்மம்' என்ற வார்ப்புக்குள் தள்ளப்படுகின்றனர். வீட்டு வாசலில் இருக்கும் மலையை விட்டுவிட்டு இமயத்துக்குக் கல்லெடுக்கப் போகிறார்கள். இது அவர்கள் குற்றமன்று. தலைப்புக்கு ஒப்புதல் தரும் நெறியாளர்களின் குற்றம்.

8

எதிர்வாதங்கள் வரும். மூன்றை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறேன்.

தொன்மத்தின் எந்தப் பகுதியை எடுப்பது என்பது கவிஞரின் உரிமை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். கவிஞர் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஆனால் நிறுத்தியது தேர்வா, அறியாமையா என்பதைக் கண்டறிவது திறனாய்வாளரின் கடமை. அந்தக் கடமையைத் தட்டிக்கழிக்கக் கவிஞரின் உரிமையைக் கேடயமாக்க வேண்டாம்.

சங்கப் பாடல்களிலேயே தொன்மம் காதற்கவிதையில் குறிப்பாக வந்துபோகிறதே என்பார்கள். வருகிறது. நற்றிணை 216ஆம் பாடலில் ஒரு முலையை அறுத்த திருமாவுண்ணி சில அடிகளில் வந்துபோகிறாள். பேசுபவள் பரத்தை, பொருள் காதல். கண்ணகிக் கதையின் தொல்வடிவம் என்று பலர் கருதும் பாடல் அது. ஆனால் கவனியுங்கள்: அந்தச் சில அடிகளுக்குள்ளேயே வேங்கை மரம் இருக்கிறது, காவற்பரண் இருக்கிறது, அவள் கதையைக் கேட்டவர்களும் இருக்கிறார்கள். கேட்பவர்க்கும் உண்மையில் நேசிப்பவர்க்கும் உள்ள இடைவெளியைப் பற்றியே அப்பாடல் பேசுகிறது. நான் இன்றைய கவிதையில் தேடுவது இதைத்தான். மருதன் இளநாகனார் சில அடிகளில் செய்ததை நாம் ஒரு முழுத் தொகுப்பில் செய்யவில்லை.

இது சமூகவியல், அழகியல் அன்று என்பார்கள். ஒருத்தியின் துயரை யார் பார்த்தார்கள், எந்த மொழியில் பாடினார்கள், பாடியபின் அந்தத் துயர் என்னவாக மாறியது என்ற மூன்று கேள்விகளும் இளங்கோவின் கட்டமைப்பிலிருந்து எழுபவை. காதைகளின் வரிசையிலும் குரவையின் வடிவத்திலும் குரல்களின் மாற்றத்திலும் அவர் இவற்றை எழுப்புகிறார். வடிவத்தைப் பற்றிய கேள்வி அழகியல் இல்லையென்றால் வேறு எது அழகியல்?

9

ஆகவே சிலவற்றை வெளிப்படையாக முன்வைக்கிறேன். காதல், இழப்பு சார்ந்த ஒரு தொகுப்பைத் தொன்மநோக்கில் ஆராயும் ஆய்வேடு, அத்தொன்மத்தின் குறைந்தது ஒரு வாய்மொழி வடிவத்தையேனும் ஒப்பிட்டிருக்க வேண்டும் என்று தமிழ்த்துறைகள் விதிசெய்யட்டும். குன்றக் குரவையும் வாழ்த்துக் காதையும் இக்காலக் கவிதைத் தாளோடு சேர்த்துப் பாடமாகட்டும். முதுவான், இருளர் மொழிக் கவிதைகளைத் தமிழ் எழுத்தில், அக்கவிஞர்களின் ஒப்புதலோடும் உரிமைத்தொகையோடும், மூலமும் உரையுமாக வெளியிட ஒரு பல்கலைக்கழகமாவது முன்வரட்டும். எந்தத் தமிழ்த்துறையேனும் இவற்றை ஏற்கெனவே பாடமாக வைத்திருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், மகிழ்வோடு பகிர்வேன்.

கவிஞர்களிடம் கேட்பது ஒன்றுதான். சாமியாட்டத்தில் அருள் நீங்குவதை 'மலையேறுதல்' என்பது நம் ஊர்வழக்கு. சாமி மலையேறும் முன் கூட்டத்தார் குறி கேட்பார்கள், துயரைச் சொல்வார்கள், திருநீறு வாங்கிக்கொள்வார்கள். உங்கள் கவிதைக்குள் இறங்கிய கண்ணகியை வெறும் ஆவேசத்தோடு அனுப்பிவிடாதீர்கள். அவளிடம் வரம் கேட்டு நிற்கும் குன்றத்துப் பெண்களுக்கும் அந்தப் பக்கத்தில் இடம் வையுங்கள்.

மறுப்பவர்கள் மறுக்கலாம், வாதத்துக்குக் காத்திருக்கிறேன். வருமுன் மூன்றாம் காண்டத்தை ஒருமுறை முழுவதும் படித்துவிட்டு வாருங்கள்.